புதுப்பிப்பு: நேரம் பதியும் ஆக்‌ஷன் ஃபில்டர் – காரணம் பிடிபட்டது

ஏஎஸ்பி.நெட் கோர் எம்விசியில் (மைக்ரோசாஃப்ட்டின் வெப் ஃபிரேம்வொர்க்) ஒவ்வொரு ஆக்‌ஷனும் (ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் மெத்தட்) எடுக்கும் நேரத்தைப் பதிய எழுதிய ஃபில்டர் (ஆக்‌ஷனுக்கு முன்னும் பின்னும் ஓடும் கோடு), ஒரே நேரத்தில் பல ரிக்வெஸ்ட் வந்து லோடு ஏறினால் மட்டும் தாறுமாறான எண்களைக் காட்டுகிறது என்று கேட்டிருந்தேன் அல்லவா? விஷயம் இதுதான்: ஆட்ரிபியூட்டாக (ஆக்‌ஷனின் தலைமேல் சதுர அடைப்புக்குறியில் எழுதும் குறிப்பு) போட்ட ஃபில்டரின் ஒரே ஆப்ஜெக்ட்தான், அந்த ஆக்‌ஷனுக்கு வரும் எல்லா ரிக்வெஸ்ட்டுக்கும் ஓடுகிறது. நேரம் அளக்கும் ஸ்டாப்வாட்ச், ஃபில்டர் கிளாஸின் ஃபீல்டில் இருந்தால், ஒரு ரிக்வெஸ்ட் தொடங்கியதை இன்னொன்று நிறுத்திவிடும்.

இப்போது ‘ஆன்ஆக்‌ஷன்எக்ஸிகியூஷன்ஏசிங்க்’ மெத்தடை ஓவர்ரைடு செய்து, ஸ்டாப்வாட்சை லோக்கல் வேரியபிளாகத் தொடங்கி, ஆக்‌ஷனை ஓடவிட்டுக் காத்திருக்கும் ‘அவெய்ட் நெக்ஸ்ட்’ முடிந்ததும் நிறுத்துகிறேன். எண்கள் சரியாக வருகின்றன. தொடங்க ஒன்று, நிறுத்த ஒன்று என இரண்டு மெத்தடாகவே வேண்டுமென்றால், ஸ்டாப்வாட்சை எச்டிடிபிகான்டெக்ஸ்ட்டின் ஐட்டம்ஸில் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் தனியாக இருக்கும் சேமிப்பிடம்) போட்டுவைக்கலாம். எனக்கென்னவோ அது சுற்றிவளைத்த வேலை.

வியூ ரெண்டர் ஆகும் (பக்கத்தின் எச்டிஎம்எல் உருவாகும்) நேரம் இதில் சேராது. அதுவும் வேண்டுமென்றால், ஆக்‌ஷனையும் வியூவையும் சேர்த்துச் சுற்றி ஓடும் ரிசோர்ஸ் ஃபில்டரைப் பயன்படுத்தலாம்.