பெட்டி இருக்கிறது, கேம் எங்கே?

லயத்துப்_பையன்:
தீபாவளி போனஸில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேம் கருவி வாங்கினேன். அப்புறம் சுங்கை சிப்புட்டில் பஸ் ஏறி ஈப்போ வரைக்கும் போய் ஒரு சண்டை கேமும் வாங்கி வந்தேன். வீட்டில் பெட்டியைப் பிரித்து கார்டைச் செருகினால் 50 ஜிபி டவுன்லோட் செய்யச் சொல்கிறது. கேம்-கீ கார்டு என்று பேர், அதாவது கார்டுக்குள் சாவி மட்டும்தான், கேம் கிடையாது. எங்கள் தோட்ட லயத்துக்கு ஃபைபர் இன்டர்நெட் இன்னும் வரவில்லை, போன் ஹாட்ஸ்பாட்தான், செம்பனை மரங்களுக்கு நடுவே அதுவும் சிக்னல் இரண்டு கோடு. ஒரு வாரமாக இறங்கிக்கொண்டே இருக்கிறது, இடையில் இரண்டு முறை டாப்-அப் போட்டேன். சைபர்பங்க் 2077 மாதிரி பெரிய கேமையே 64 ஜிபி கார்டில் முழுசாகப் போட்டுக் கொடுக்க முடிந்ததே, மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை? முழு கேம் இல்லாத பெட்டியை இனிமேல் நான் தொடப்போவதில்லை, நீங்களும் வாங்காதீர்கள்.

தாமான்_ராஜா:
தம்பி, உன் கஷ்டம் புரிகிறது, ஆனால் டவுன்லோட் வேண்டும் என்று பெட்டியின் முன்பக்கமே போட்டிருக்கிறதே. பெரிய கார்டு போட்டால் அந்தச் செலவும் நம் தலையில்தான் விழும். நான் டிஸ்க் வாங்குவதை விட்டே பல வருஷம் ஆகிறது. ஹாலோ நைட்: சில்க்சாங் 2025 செப்டம்பர் 4-ல் வந்தபோது அமெரிக்க விலை 20 டாலர்தான். ஆஸ்திரேலியாவில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் செய்த கேம் அது, பெட்டி போட்டு கப்பலேற்றித்தான் விற்க வேண்டும் என்றிருந்தால் அந்த விலைக்கு வந்திருக்குமா? ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணமும் திரும்பக் கிடைக்கும். பிரித்த பெட்டியை எந்தக் கடைக்காரர் திருப்பி வாங்குவார்?

பால்மரத்து_அக்கா:
ராஜா, விலையைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், வாங்கிய பொருள் யாருடையது என்று ஒரு வரிகூட இல்லை. யுபிசாஃப்ட் கம்பெனியின் தி க்ரூ 2014-ல் வந்த கார் கேம், அவர்கள் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ல் சர்வரை மூடினார்கள், அன்றோடு தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேம் போய்விட்டது, டிஸ்க் கையில் இருந்தும் பயனில்லை. அதில் இருந்துதான் விற்ற கேமை இப்படிச் சாகடிக்காதீர்கள் என்று கேட்கும் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கமே கிளம்பியது, 2025-ல் ஐரோப்பாவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. டிஜிட்டலில் விற்பது வெறும் உரிமம்தான் என்பதை வாங்குகிறவருக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியில் இருந்து சட்டமே இருக்கிறது. நம் மலேசியாவில் டிஜிட்டல் சேவைக்கு 2020-ல் 6 விழுக்காடு வரி போட்டார்கள், 2024 மார்ச்சில் அது 8 ஆனது. பணமும் வரியும் நாம் கட்ட, சாவி மட்டும் அவர்கள் கையிலேயே இருப்பதா?

தாமான்_ராஜா:
அக்கா, பத்து வருஷம் ஓடிய கேமுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வர் வாடகை கட்டுவது? சின்ன ஸ்டூடியோ என்றால் அடுத்த கேமே வராது. எல்லாரும் பணத்தை அமுக்கிக்கொள்கிறார்கள் என்பதும் சரியில்லை. 2024-ல் கான்கார்டு என்ற ஆன்லைன் கேமை இரண்டே வாரத்தில் மூடியபோது வாங்கிய எல்லாருக்கும் சோனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

பால்மரத்து_அக்கா:
காலத்துக்கும் சர்வர் ஓட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. போகும்போது விளையாடுகிற நிலையில் விட்டுப் போங்கள், அவ்வளவுதான். நாக்அவுட் சிட்டியை 2023 ஜூனில் மூடினார்கள், அது முழுக்க ஆன்லைன் கேம். ஆனாலும் ரசிகர்களே சர்வர் வைத்து விளையாடும்படி ஒரு கம்ப்யூட்டர் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பெரிய கம்பெனியும் இல்லை அது. யுபிசாஃப்டும் இவ்வளவு எதிர்ப்பு வந்த பிறகு, 2024 செப்டம்பரில், தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் வசதி தருகிறோம் என்று சொன்னதே. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

தாமான்_ராஜா:
சரி, நாக்அவுட் சிட்டி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், மூடுவதற்கு அதுதான் ஒழுங்கான வழி. ஆனால் கேம்-கீ கார்டு அந்த அளவு மோசம் இல்லை. விளையாடி முடித்ததும் விற்கலாம், பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். நான் ஸ்டீமில் வாங்கியதை விற்க முடியாது.

லயத்துப்_பையன்:
அண்ணே, இரவல் என்றதால் சொல்கிறேன். எங்கள் லயத்தில் பழைய ஸ்விட்ச் கார்டு ஒன்று வாங்கினால் நான்கு வீடு சுற்றும். நான் முடித்து எதிர்வீட்டுத் தம்பிக்கு, அவன் முடித்து அவன் மாமா மகனுக்கு. மாதச் சம்பளத்தில் புது கேம் வாங்க முடியாத பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் விளையாடி வளர்ந்தோம். இப்போது கார்டு போகும் வீட்டில் எல்லாம் திரும்பவும் 50 ஜிபி இறக்க வேண்டும், அந்த சர்வரையும் ஒருநாள் மூடிவிட்டால் கார்டு வெறும் பிளாஸ்டிக். விற்கலாம் என்கிறீர்கள், அன்றைக்கு யார் வாங்குவார்?

தாமான்_ராஜா:
நான்கு வீட்டுக்கும் நான்கு தடவை இறக்க வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. என் வீட்டில் ஃபைபர் இருப்பதால் தோன்றவே இல்லை. டிஜிட்டல்தான் மலிவு என்பதில் இன்னும் மாற்றமில்லை, அது வேறு பேச்சு. சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஸ்விட்ச்சைத் தூக்கிக்கொண்டு தாமானில் என் வீட்டுக்கு வா, சாப்பிட்டு முடிப்பதற்குள் இறங்கிவிடும்.

லயத்துப்_பையன்:
வருகிறேன் அண்ணே. எதிர்வீட்டுத் தம்பியின் ஸ்விட்ச்சையும் கொண்டு வரட்டுமா? அடுத்து கார்டு அவனுக்குத்தான் போகும்.