தேர்தல் நாளில் வந்த படகுச் செய்தி: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

மேற்குச் சிட்னியிலிருந்து

2022 மே 21, சனிக்கிழமை. அவுஸ்திரேலியாவில் பொதுத் தேர்தல் நாள். நான் கிடங்கில் வேலையில் நின்றேன். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், கூட வேலை செய்கிற ஒருவன் கைபேசியை நீட்டி, "உன்ர நாட்டுப் படகு ஒன்று பிடிபட்டிருக்காம்" என்றான். அவனுக்கு ஆளுங்கட்சியிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. சட்டவிரோதப் படகொன்றை எல்லைப் படை மறித்துவிட்டது, எல்லை பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் இன்றைக்கு எங்களுக்கு வாக்களியுங்கள் என்று அதில் இருந்தது. போட்டி கடுமையாக இருந்த தொகுதிகளுக்குத்தான் அது போனது என்று பிறகு தெரிந்தது.

அவன் கெட்டவன் இல்லை. நான் எப்படி வந்தேன் என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நான் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். இலங்கையில் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. அந்தப் படகில் வந்த பிள்ளைகளுக்கு வாந்தி நின்றிருக்குமா, தண்ணீர் கொடுத்திருப்பார்களா என்பதுதான் எனக்கு ஓடியது. அதற்குள் அவர்கள் வாக்குக் கேட்கிற செய்தியாகிவிட்டார்கள். படகை மறித்ததைப் பற்றிய அரசாங்க அறிக்கையை அவசரமாக வெளியிடச் சொல்லி அமைச்சர் தரப்பிலிருந்து அதிகாரிகளுக்கு அழுத்தம் வந்ததென்று உள்துறைச் செயலாளரின் விசாரணை அறிக்கை பிறகு சொன்னது. அதைப் பேப்பரில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நடந்தது தப்பென்று எழுத்தில் பதிவாகியிருக்கிறதே.

நாங்கள் 2012 ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவில் இறங்கினோம். நான், மனுசி, நாலு வயது மகன். இறங்கியதும் எங்களுக்கு மூன்று எழுத்தும் ஒரு எண்ணும் தந்தார்கள். சாப்பாட்டு வரிசையிலும் மருந்து வாங்கும் இடத்திலும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மகன் தன் பெயரை எழுதப் பழக முதல் அந்த எண்ணைச் சொல்லப் பழகினான்.

எங்கள் ஆட்கள் சில திகதிகளைப் பிள்ளைகளின் பிறந்தநாள் மாதிரி மனப்பாடமாகச் சொல்வார்கள். 2012 ஆகஸ்ட் 13: அந்த நாளுக்குப் பிறகு படகில் வந்தவர்களை நவுரு என்ற தீவு நாட்டுக்கோ பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவுக்கோ அனுப்பி அங்கே வைத்திருக்கலாம். 2013 ஜூலை 19: அந்த நாளிலிருந்து படகில் வருகிற ஒருவரும் அவுஸ்திரேலியாவில் குடியேறவே முடியாதென்று அப்போதைய பிரதமர் கெவின் ரட் அறிவித்தார். தேர்தல் செப்டெம்பர் 7இல். எதிரே நின்ற டோனி அபட்டின் சுலோகமே "படகுகளை நிறுத்துவோம்" என்பதுதான். யார் கூடுதல் கடுமை என்று காட்டுகிற போட்டியில் இரண்டு பெரிய கட்சிகளும் இறங்கின. நாங்கள் அந்த இரண்டு திகதிகளுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள். முகாமிலிருந்து வெளியே விட்டபோது தந்த பிரிட்ஜிங் விசாவில், அதாவது முடிவு வரும்வரை தங்க விடுகிற தற்காலிக விசாவில், வேலை செய்ய அனுமதி இல்லை. இரண்டு வருசத்துக்கு மேலாக, உடம்பில் பலம் இருந்தும் வீட்டில் இருந்தேன். அதைப் போல ஒரு மனிதனைத் தின்கிற விஷயம் வேறில்லை.

உங்களில் யாருக்காவது தேர்தல் நேரத்தில் இப்படி ஏதும் நடந்திருக்கா? வாக்கு இருப்பவர்களும் எழுதுங்கள். உங்கள் பக்கமும் எனக்குத் தெரிய வேண்டும்.


மெல்போர்னிலிருந்து

அண்ணா, நான் திருச்சிக்காரன். படிப்புக்கான விசாவில் வந்து குடியுரிமை வாங்கியவன். 2013 தேர்தல்தான் இங்கே நான் வாக்களித்த முதல் தேர்தல். படகை நிறுத்துவோம் என்று சொன்ன அபட்டின் கூட்டணிக்குத்தான் போட்டேன். இதை உங்களிடம் மறைத்துப் பேச விரும்பவில்லை.

காரணமும் சொல்கிறேன். 2010 டிசம்பரில் கிறிஸ்மஸ் தீவுப் பாறையில் ஒரு படகு மோதி உடைந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். சுமார் 50 பேர் செத்துப்போனார்கள். கரையில் நின்ற மக்கள் மிதவைச் சட்டைகளைத் தூக்கி வீசினார்கள், அது போய்ச் சேரவில்லை. அந்தக் காட்சி பல வருடம் என்னை விடவில்லை. படகை நிறுத்தினால் இந்தச் சாவு நிற்கும் என்று நினைத்தேன். அந்தக் கவலை தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் எப்படி நிறுத்துவார்கள் என்று நான் கேட்கவில்லை.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து ஒரு படகு கிளம்பியது. 157 பேர், இலங்கைத் தமிழர்கள், அதில் குழந்தைகளும் உண்டு. என் மனைவிக்குப் புதுச்சேரி. கடற்கரைப் பக்கம் பேச்சாக இருக்கிறதென்று மாமனார் போனில் சொன்னார். இங்கேயோ ஒரு வார்த்தை கிடையாது. கடலில் நடப்பதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் அப்போது குடிவரவு அமைச்சராக இருந்த ஸ்காட் மாரிசனின் வழக்கமான பதில். கிட்டத்தட்ட ஒரு மாதம் அவர்களைச் சுங்கக் கப்பலிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அப்புறம் இந்த நாட்டுக்குள் சில நாள் வைத்திருந்து நவுருவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2015 ஜனவரியில் தீர்ப்பு: அடைத்து வைத்தது சட்டப்படிதான் என்று நான்கு நீதிபதிகள், இல்லை என்று மூன்று பேர்.

நான் என் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதினேன். ஆறு வாரம் கழித்து எல்லோருக்கும் அனுப்புகிற ஒரே பதில் வந்தது. என் பெயரில் மட்டும் எழுத்துப் பிழை. நான் போட்ட ஓட்டுக்கும் அந்தக் கப்பலின் அறைக்கும் தொடர்பு உண்டு என்பது அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தபோதுதான் உறைத்தது. அதற்கப்புறம் எந்தக் கட்சிக்காரர் கதவைத் தட்டினாலும், விண்ணப்பித்தவர் எத்தனை மாதத்தில் முடிவு தெரிந்துகொள்வார் என்றுதான் முதலில் கேட்கிறேன். இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.


பிரிஸ்பேனிலிருந்து

நான் மொழிபெயர்ப்பாளர். வேலையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அதனால் ஆளைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2013 தேர்தல் முடிந்து ஆட்சி மாறியதும், படகில் வந்தவர்களை இனிச் "சட்டவிரோதமாக வந்தவர்கள்" என்றே குறிப்பிட வேண்டுமென்று அமைச்சர் அறிவுறுத்தினார். அதுவரை "ஒழுங்குமுறைக்கு வெளியே வந்தவர்கள்" என்ற பொருளில்தான் சொன்னார்கள். அகதி உடன்படிக்கையின் 31ஆவது பிரிவைப் பாருங்கள். உயிராபத்திலிருந்து நேரே தப்பி வந்து, தாமதிக்காமல் முறையிட்டவரை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது. தஞ்சம் கேட்பது குற்றம் இல்லை. ஆனாலும் மேடையில் பேசின சொல் படிவத்துக்குள் வந்துவிட்டது. அதைத் தமிழில் சொல்கிற வாய் என்னுடையது. தொலைபேசியின் மறுபக்கம் இருப்பவருக்கு அந்தச் சொல்லை முதலில் சொன்னது ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல்தான் என்பது எனக்கு இன்றைக்கும் பாரம்.

அந்த டிசம்பரிலேயே ஒரு நடத்தை விதியும் வந்தது. பிரிட்ஜிங் விசா வேண்டுமென்றால் கையெழுத்துப் போட வேண்டும், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக நடந்தால் விசா போகலாம். ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். வயதான ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, அப்ப வீட்டில பாட்டுக் கேட்கலாமோ?" அதை ஆங்கிலத்தில் மாற்றிக் கேட்டேன். கேட்கலாம் என்றார்கள். கேட்ட பிறகும் அவர் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இதே குவீன்ஸ்லாந்தில்தான் பிலோயிலா. 2018 மார்ச்சில் அதிகாரிகள் விடிகாலையில் வந்து ஒரு தமிழ்க் குடும்பத்தைத் தடுப்புக் காவலுக்குக் கொண்டுபோனபோது, அந்தச் சிற்றூரின் வெள்ளைக்காரர்கள் நாலு வருசம் ஓயாமல் போராடினார்கள். பழமைவாதக் கட்சி வலுவாக இருக்கும் பகுதி அது. 2022 தேர்தலில் அவர்களை ஊருக்கு அனுப்புவதாக லேபர் கட்சி உறுதி கொடுத்தது, ஜூனில் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. கட்சி எதுவாக இருந்தால் என்ன, அவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும்.


தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றிலிருந்து

என் அத்தை மகன் அந்தப் புதுச்சேரிப் படகில் போனான். ஏன் போனாய் என்று எல்லோரும் கேட்டார்கள். 1990இல் கைக்குழந்தையாக இங்கே வந்தவன். பத்தடிக்குப் பத்தடி வீடு, வாராவாரம் கணக்கெடுப்பு, படித்தும் நல்ல வேலை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் எங்கள் பெயர் இல்லை. நவுருவிலிருந்து அவன் முதல் தடவை பேசியபோது, "இங்க வெயில் மண்டபம் முகாம் மாதிரியே இருக்கு" என்று மட்டும் சொன்னான். மற்றதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.


மேற்குச் சிட்னியிலிருந்து

எழுதின எல்லாருக்கும் நன்றி. மெல்போர்ன் தம்பி, நீங்கள் மறைக்காமல் சொன்னது எனக்குப் பெரிய விஷயம். கடலில் சாவதைப் பார்த்துப் பயந்தீர்கள். நானும் அதே கடலில் மகனை மடியில் வைத்துக்கொண்டு பயந்தவன்தான்.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். 2014 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி எங்கள் வழக்கைத் துரித முறையில் பார்த்தார்கள். பெயர்தான் துரிதம். மறுபரிசீலனையில் நேரே போய்ப் பேசவும் இடமில்லை, காகிதத்தைப் பார்த்தே நிராகரித்தார்கள். 2023இல் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வழி திறந்தது, அது கிடைத்தவர்களுக்காக நான் கோவிலில் அர்ச்சனை செய்தேன், உண்மையாகவே. நிராகரிக்கப்பட்ட எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது பொருந்தவில்லை. அந்த வருசம் நிரந்தர விசா கேட்டு 22 அகதிப் பெண்கள் மெல்போர்னிலிருந்து கன்பராவுக்கு நடந்தார்கள், 640 கிலோமீட்டர். மனுசி கைபேசியில் பார்த்து அழுதாள். மகன் பன்னிரண்டாம் வகுப்புவரை இங்கேதான் படித்தான். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கிறார்கள், அது எங்களால் முடியாது.

மகள் இங்கே 2015 ஜனவரியில் பிறந்தவள். இங்கே பிறந்து பத்து வயதுவரை இங்கேயே வளர்ந்த பிள்ளைக்குச் சட்டப்படி குடியுரிமை. வீட்டில் நாலு பேரில் அவள் ஒருத்திதான் இந்த நாட்டுக்காரி. 2025 மே 3 தேர்தலன்று, வாக்குச் சாவடி அவளுடைய பள்ளிக்கூடத்திலேயே. தேர்தலன்று அங்கே சுட்டு விற்கிற சொசேஜ் வாங்கித் தரச் சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் கட்சிக்காரர் ஒருவர் துண்டுப் பிரசுரம் நீட்டினார், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் கையை நீட்டி வாங்கி, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்பா, நான் எப்ப போடலாம்?" என்றாள்.

2033 என்று சொன்னேன்.