சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் யானை நிற்கிறது

நான் வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். எங்கள் லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யானையைப் பார்க்காதவர்கள் யாரும் கிடையாது. கீழே இருந்து வருகிறவர்கள் எங்களிடம் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "பயமாக இருக்காதா?", "யானை ஏன் ஊருக்குள் வருகிறது?" நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

எங்கள் லைன் வீடுகளுக்கு நாற்பதடி தள்ளி ரேஷன் கடை. நான் எட்டாவது படித்த வருஷம், மழைக்காலம். இரவு இரண்டு மணி இருக்கும். அம்மா என் வாயைப் பொத்தித்தான் எழுப்பினார். வெளியே தகரம் மடங்கும் சத்தம். ஜன்னல் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் மழையில் நனைந்த முதுகு மட்டும்தான் முதலில் தெரிந்தது. கடையின் ஷட்டர் வளைந்து கிடந்தது. துதிக்கை உள்ளே போய் எதையோ தேடிவிட்டு ஒரு மூட்டையை மெதுவாக இழுத்து வெளியே வைத்தது. முன்காலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாக்கை ஒரே இழுப்பில் கிழித்தது. அரிசி கொட்டியது. அப்போதுதான் அதன் வயிற்றுக்கு அடியில் குட்டி நிற்பதைப் பார்த்தேன். குட்டிக்குத் துதிக்கை இன்னும் வசப்படவில்லை. அள்ளும், வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடும். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, முன்னங்காலை மடக்கி வாயாலேயே தரையில் இருந்து எடுக்க ஆரம்பித்தது.

அதுவரை அந்த இரண்டும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ டின்னைத் தட்டினார்கள். இன்னொருவர் பட்டாசைக் கொளுத்திப் போட்டார். தாய் அந்த நொடியே வேறு மிருகமாகிவிட்டது. குட்டியைக் கால்களுக்கு நடுவே தள்ளிவிட்டு, காதை விரித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படி வரைக்கும் வந்து நின்றது. அது மூச்சு விடுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஈர வைக்கோலும் சாணமும் கலந்த ஒரு வாசனை. அம்மாவின் கை என் வாயை விட்டு எடுக்கவே இல்லை. விடிந்து போய்ப் பார்த்தால், வாசலில் வைத்திருந்த பச்சை வாளி தட்டு மாதிரி தட்டையாகக் கிடந்தது.

ஏன் வருகிறது என்று கேட்டால், அது வரவில்லை, போகிறது என்றுதான் சொல்வேன். 1890-களில் தொடங்கி இந்த மலையில் சோலைக்காட்டை வெட்டித்தான் எஸ்டேட் போட்டார்கள். வால்பாறை பீடபூமி ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், அதை ஒட்டிக் கேரளத்தின் பரம்பிக்குளமும் வாழச்சாலும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக வேண்டுமென்றால் யானைக்கு வழி எங்கள் நடுவில்தான். தேயிலையை அது தின்னாது. பகலில் ஆற்றோர மரங்களுக்குள்ளோ, எஸ்டேட்டுக்கு நடுவில் மிச்சமிருக்கும் துண்டுச் சோலைகளிலோ நிற்கும். இருட்டிய பிறகுதான் தேயிலைக்குள் இறங்கி நடக்கும். நடக்கிற வழியில் ரேஷன் கடை அரிசியும் சத்துணவுக் கூடத்துப் பருப்பும் மணந்தால் நின்று கதவை உடைக்கும்.

பயம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எங்கள் லைனில் நான் பெரியப்பா என்று கூப்பிட்ட ஒருவர், பனி மூட்டமான ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார். வளைவுக்கு அந்தப் பக்கம் யானை நிற்பது அவருக்குத் தெரியாது. இவர் வருவது அதற்கும் தெரியாது. கையில் அவர் பேத்திக்கு வாங்கிய பிஸ்கட் பாக்கெட் இருந்தது. வால்பாறையில் யானையால் இறந்தவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான், அங்கே யானை இருப்பது தெரியாமலேயே நேருக்கு நேர் போய் மாட்டியவர்கள். யானை இருக்கிற ஊரில் வாழ எங்களுக்குப் பழக்கம்தான். அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருட்டில் நடப்பதுதான் எங்கள் பயம்.

அந்தப் பயத்தைக் குறைத்தது வேலியும் இல்லை, வெடியும் இல்லை, தகவல்தான். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும் வனத்துறையோடு சேர்ந்து இதை ஒவ்வொரு படியாகச் செய்தார்கள். முதலில் சாயங்காலம் கேபிள் டிவியில் இன்றைக்கு யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று எழுத்து ஓடும். அப்புறம் பக்கத்தில் இருப்பவர்கள் போனுக்கு எஸ்.எம்.எஸ்., படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. அதற்கும் பிறகு, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு. யானை பக்கத்தில் இருந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரே போனிலிருந்து அதை எரிய வைப்பார். இந்த வேலைக்காக 2015-இல் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகப் பிரிட்டனில் தரும் விட்லி விருது கிடைத்தது. எங்கள் லைனில் அன்று யாருக்கும் அந்த விருதின் பெயர் சொல்ல வரவில்லை, ஆனால் விளக்குக்காரருக்குப் பரிசு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

* * *

அம்மணி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கோவை பக்கம் தடாகம் பள்ளத்தாக்கில் விவசாயி. உங்கள் அளவுக்கு எனக்கு மனசு விரியவில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

தார் வெட்ட இருபது நாள் இருந்த வாழை. கொம்பன் யானை ஒன்று உள்ளே வந்து ஒரே ராத்திரியில் இருநூறு மரத்துக்கு மேல் சாய்த்துவிட்டது. காலையில் போய்ப் பார்க்கிறேன், பாதித் தார் அப்படியே கிடக்கிறது. மட்டையை உரித்து நடுவில் இருக்கும் தண்டைத்தான் தின்றிருக்கிறது. காய் கிடக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால் முற்றாத காய், யாருக்கும் ஆகாது. இழப்பீட்டுக்கு மனு கொடுத்தேன். போட்டோ, சிட்டா, அடங்கல் என்று நாலு தடவை அலைந்தேன். பணம் வந்தபோது அடுத்த வாழையே குலை தள்ளிவிட்டது. வந்த தொகை கன்று வாங்கிய செலவுக்குச் சரியாகப் போயிற்று.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் செங்கல் சூளைகள் வந்து மலையடிவாரத்துச் செம்மண்ணை ஆள் உயரத்துக்கும் மேல் தோண்டினார்கள். என் அப்பா காலத்தில் யானை ஓடை வழியாக வரும், ஓடை வழியாகவே திரும்பும். தோண்டின பள்ளத்தில் அந்தத் தடம் போய்விட்டது. சூளையில் எரிக்கப் பனை மரத்தைத் துண்டு போட்டுக் குவித்து வைப்பார்கள். மரத்துக்குள் இருக்கும் அதன் சோறு யானைக்கு அவ்வளவு பிடிக்கும். தினமும் அதைத் தின்ன வந்த யானைதான் அப்படியே என் தோட்டத்துக்கும் வந்தது. 2021-இல் சூளைகளை மூடினார்கள். பள்ளங்கள் இன்னும் பள்ளமாகவே இருக்கின்றன.

எங்கள் பக்கம் சுற்றிய சின்னத்தம்பி என்ற கொம்பனை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். விநாயகன் என்ற இன்னொரு யானையை முதுமலைக்கு ஏற்றிய மறுமாசம், 2019 ஜனவரியில், சின்னத்தம்பியைப் பிடித்து டாப்சிலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். பிடிக்க வேண்டும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். லாரியில் ஏற்றும்போது பார்த்தேன். கும்கிகள் பின்னால் இருந்து தள்ள, அது காலை ஊன்றி நின்றுகொண்டு ஏற மாட்டேன் என்றது. சில நாளில் காட்டை விட்டு இறங்கி, ஊர் ஊராக நடந்து, உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்குள் போய் நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு யானை முகாமில் கூண்டில் அடைத்தார்கள். டிவியில் அது நடந்து வருவதைப் பார்த்தபோது என் மனைவி, "வீட்டுக்கு வழி தேடுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் பிடிக்கச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. பிடித்ததால் என் தோட்டத்துக்கு யானை வராமல் போகவில்லை என்பது மட்டும் உறுதி. அது போன இடத்தை இன்னொரு கொம்பன் எடுத்துக்கொண்டது.

* * *

சுருக்கமாக என்னுடையது. பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு மலைச் சாலையில் ஒற்றை யானையைப் பார்த்துக் காரை நிறுத்தி இறங்கினேன். போட்டோ எடுத்தேன். பின்னால் நின்ற வண்டிகளும் அதைப் பார்த்து நிறுத்த, அது சாலையைக் கடக்க முடியாமல் தவித்தது. அரைமணி நேரம் கழித்து, அதே இடத்தில் பைக்கில் வந்த ஒருவரை அது விரட்டியது என்று செக்போஸ்ட்டில் சொன்னார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அதை அந்த நிலைக்கு ஆளாக்கியதில் எனக்குப் பங்கு உண்டு. அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை.

* * *

நான் ரயில்வேயில் டிராக்மேன். மதுக்கரைக்கும் வாளையாருக்கும் நடுவில் இரண்டு பாதையில் காட்டுக்குள் போகிற பி லைனில் ராத்திரி ரோந்து பார்த்தவன்.

தங்கச்சி எழுதிய அந்த ஈர வைக்கோல் வாசனை எனக்கும் தெரியும். எங்களுக்கு முதலில் தெரிவதே அதுதான். டார்ச் வெளிச்சத்துக்கு முன்னாலேயே மூக்குக்கு வந்துவிடும். ஒரு நாள் வளைவு திரும்பும் முன்னால் அந்த வாசனை வந்தது, அப்புறம் ஜல்லி நொறுங்கும் சத்தம். கூட வந்தவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். மூன்று யானை, எல்லாம் பெண் யானை, தண்டவாளத்தின் மேலேயே நிற்கின்றன. முன்னால் நின்றது துதிக்கை நுனியை ரெயிலின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. வண்டி தூரத்தில் வந்தாலே ரெயிலில் ஒரு அதிர்வு இருக்கும், அதுதான் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே இரண்டு பக்கமும் வெட்டிய மண் சுவர். தண்டவாளத்தோடு நடந்து வெளியே வந்தால்தான் உண்டு. உள்ளே வருகிற யானைகளுக்கு இது தெரியாது.

நான் சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு வண்டி வருகிற பக்கம் ஓடினேன். ஜல்லியில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் ஒவ்வொரு அடிக்கும் மடங்கும். சரக்கு வண்டி. லோகோ பைலட் பார்த்துவிட்டார், நின்றுவிட்டது. ஹாரன் அடிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினேன். முகப்பு விளக்கையும் குறைத்தார். பிறகு நாங்கள் மூன்று பேரும் எஞ்சின் பக்கத்தில் நின்று காத்திருந்தோம். இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக நடந்து, சுவர் தாழ்ந்த இடத்தில் இறங்கின. கடைசியாக இறங்கியது திரும்பி எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றது.

எல்லா நாளும் அப்படி அமையாது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ஒரே வண்டியில் அடிபட்டன. காலையில் நான் போய்ப் பார்த்தது பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். 2024 பிப்ரவரியில் அந்தப் பகுதியில் 12 கோபுரம், 24 கேமரா வைத்தார்கள். உடம்புச் சூட்டை வைத்து இருட்டிலும் யானையைக் கண்டுபிடித்து உடனே சொல்லிவிடுகிறது, வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிக் கட்டளை போகிறது. தண்டவாளத்துக்கு அடியில் கடந்துபோகச் சுரங்கப் பாதையும் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் முதல் தடவை யானை போட்ட லத்தி கிடந்ததைப் பார்த்த அன்று நாங்கள் எல்லோரும் போய் நின்று பார்த்தோம்.

* * *

முதலில் எழுதியவள் மறுபடி வந்திருக்கிறேன்.

தடாகத்து அண்ணாவுக்கு: உங்கள் வாழைக்கு என்னிடம் பதில் இல்லை. எங்களுக்கு நஷ்டம் எஸ்டேட்டுக்கும் கடைக்கும்தான், உங்களுக்கோ சொந்தப் பாடு. நஷ்டத்தைச் சுமப்பவர் ஒருவர், யானை வேண்டும் என்று சொல்பவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை உங்கள் கோபம் நியாயமானது. இழப்பீடு அடுத்த குலைக்கு முன்னால் வந்தாக வேண்டும், அதற்காக நானும் பேசுவேன். எங்கள் எஸ்டேட்டில் ரேஷன் அரிசியைக் கடையில் சேர்த்து வைக்காமல், வண்டியில் கொண்டுவந்து அன்றைக்கே பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இருந்த சுவரும் ஷட்டரும் அப்படியே இருந்தன. யானை தன் வழியில் போனது, நிற்கவில்லை. அங்கே பனைத் துண்டு, இங்கே அரிசி. இழுப்பதை எடுத்துவிட்டால் ஓரளவுக்குக் குறையும் என்பது மட்டும் நான் பார்த்தது.

டிராக்மேன் அண்ணாவுக்கு: அந்தச் சுரங்கப் பாதை லத்தியைப் பற்றி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

எங்கள் வளைவு விளக்குக்கு இப்போது நான்தான் பொறுப்பு. போன வாரம் ஆறே முக்காலுக்கு வனக் காவலர் ஒருவர் கூப்பிட்டு, ஏழு உருப்படி, இரண்டு குட்டி, ஆற்றை விட்டு ஏறிவிட்டது என்றார். போனில் அழுத்தினேன், மேட்டில் சிவப்பு எரிந்தது. கடைசி பஸ் அதைப் பார்த்து ஸ்டாப்புக்கு முன்னாலேயே நின்று விளக்கை அணைத்தது. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள், கொழுந்து பறித்துவிட்டுத் திரும்புகிற பெண்கள், டவுனில் சாமான் வாங்கியவர்கள். யாரும் இறங்கவில்லை, யாரும் கத்தவில்லை. பனிக்குள் பெரியவை ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்தன, குட்டிகள் நடுவில். தேயிலைச் செடிகள் ஒடிகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அது அந்தப் பக்கத்துச் சோலைக்குள் போய் அடங்கும்வரை காத்திருந்தேன். காவலர் மறுபடி கூப்பிட்டுச் சரி என்றதும் விளக்கை அணைத்தேன். பஸ் கதவு திறந்தது.