புதுப்பிப்பு: தப்பு (பறை) அடிக்கும்போது புல்லாங்குழலை முதுகில் மாட்டுவது

ஊர்வலத்தில் தப்பும் குழலும் மாறி மாறி வாசிப்பவர்கள் குழலை இடுப்பில் செருகாமல் முதுகில் உறை போட்டு மாட்டலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அளவு கேட்டவர்களுக்காக இது.

40 மி.மீ. பிவிசி குழாய் போதும். குழலின் நீளத்தைவிட நான்கு விரற்கடை குறைவாக வெட்டுங்கள்; தலைப்பக்கம் வெளியே நிற்க வேண்டும், அதைப் பிடித்துத்தான் உருவ முடியும். வெட்டிய விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழலில் சுற்றியிருக்கும் கட்டுநூலை அறுத்துவிடும். உள்ளே பழைய பருத்தி வேட்டித்துணி. அடிமூடியில் மூன்று நான்கு துளை கட்டாயம்: ஊதிய ஈரம் வடியாமல் நின்றால், மார்கழிப் பனியில் தஞ்சாவூர்ப் பக்கம் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும்.

தப்பு இடத்தோளில் தொங்குவதால் உறை வலத்தோளுக்குப் பின்னால், சாய்வாக. தோள்வார் மட்டும் போதாது. கீழ்முனையை இடுப்போடு ஒரு நாடாவால் கட்டுங்கள். ஆட்டத்தில் குனிந்தால் குழல் நழுவி விழுவது அந்த நாடா இல்லாததால்தான்.

மிக முக்கியமானது தீ. தோல் இறுக வைக்கோல் கொளுத்தித் தப்பு காய்ச்சும்போது உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள். முதுகைத் தீப்பக்கம் காட்டி நின்றால் மூங்கிலின் ஒரு பக்கம் மட்டும் சூடேறிக் காய்ந்து சுருங்கும், நெடுக விரிசல் விடும். விரிசல் துளையைத் தொட்டுவிட்டால் சுதி சேராது. குழலின் இரு முனையிலும் நூல்கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கிளம்புமுன் விரலால் தடவிப் பாருங்கள்.