செமி ஆட்டோ ஷாட்கன்னை ஒவ்வொரு தடவையும் முழுக்கப் பிரிக்கத்தான் வேண்டுமா?

நெற்றிக்குறி:
சுட்டு முடித்த கையோடு செமி ஆட்டோவை, அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியை, திருகாணி வரைக்கும் பிரித்துப் போட்டு, எண்ணெயில் குளிப்பாட்டி, திரும்பப் பூட்டி வைப்பதுதான் பராமரிப்பு என்று நிறைய பேர் நம்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பயிற்சிக் களத்தில் பாதியில் நின்றுபோகும் செமி ஆட்டோக்களில் நான் பார்த்தவரை, அழுக்கால் நின்றதைவிட அளவுக்கு மீறிய எண்ணெயாலும் தப்பாகப் பூட்டியதாலும் நின்றவைதான் அதிகம். பிஸ்டனை முன்பின் மாற்றி மாட்டுகிறார்கள், ஓ-ரிங்கை (வாயு ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மேசையிலேயே விட்டுவிடுகிறார்கள், குழலைப் பிடித்திருக்கும் முன்மூடியை அரைகுறையாக இறுக்குகிறார்கள். அப்புறம் தோட்டா சரியில்லை, கம்பெனி சரியில்லை என்று புகார். குழலையும் சேம்பரையும் (தோட்டா உட்காரும் இடம்) துடையுங்கள், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தைத் துடையுங்கள், வெளி இரும்புக்குத் துரு பிடிக்காதபடி மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். அன்றைக்கு அது போதும். முழுப் பிரிப்பு சீசனுக்கு ஒருதடவை. மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பட்டறைக்காரன்:
நான் மறுக்கிறேன். வாயுவில் ஓடுவதையும் இனர்ஷியாவில், அதாவது உதையின் சக்தியில் ஓடுவதையும் ஒன்றாகக் கட்டிப் பேசுகிறீர்கள், சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாயு வகையில் குழலில் போட்டிருக்கும் சின்னத் துளைகள் வழியாக எரிவாயு கொஞ்சம் கீழே இறங்கி பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் போல்ட்டைத் தள்ளுகிறது. வாயு தனியாக வருவதில்லையே. கரி, எரியாமல் மிஞ்சிய மருந்துத் துகள், பிளாஸ்டிக் துணுக்கு எல்லாம் கூடவே வந்து உள்ளே படிகிறது. 1963இல் வந்த ரெமிங்டன் 1100ஐ எடுத்துக்கொள்ளுங்கள், பிஸ்டன் மேகசின் குழாயின் (தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய்) வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் முன்னும் பின்னும் ஓடும். அந்தக் குழாயில் படிந்த கரியை அன்றைக்கே கரைப்பான் தொட்ட துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடும். அப்படியே வைத்துவிட்டு அடுத்த மாதம் எடுத்தால் ஓடு மாதிரி இறுகியிருக்கும், சுரண்டத்தான் வேண்டும், சுரண்டினால் குழாயில் கீறல் விழும். ஆகவே முன்கட்டை, குழல், பிஸ்டன், ஓ-ரிங் இவற்றை ஒவ்வொரு தடவையும் கழற்றித் துடைப்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனர்ஷியா பிரியன்:
இதனால்தான் நான் வாயு வகையையே தொடுவதில்லை. பெனெல்லி எம்2 மாதிரி இனர்ஷியாத் துப்பாக்கியில் குழலில் துளையே கிடையாது. சுட்டதும் மொத்தத் துப்பாக்கியும் பின்னால் உதைக்கிறது, போல்ட்டின் உடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது, அதற்கும் சுழலும் போல்ட் தலைக்கும் நடுவில் இருக்கும் குட்டையான கெட்டி ஸ்பிரிங் அமுங்குகிறது. பிறகு அது விரிந்து போல்ட்டைப் பின்னால் எறிகிறது. கரி முழுக்கக் குழல் வாய் வழியாகவே போய்விடுகிறது. சேம்பரைத் துடைத்து, போல்ட் ஓடும் தடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. நெற்றிக்குறி சொல்வது எங்கள் வகைக்கு நூற்றுக்கு நூறு சரி.

பட்டறைக்காரன்:
அழுக்கு குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வகைக்கும் தனி வியாதிகள் உண்டு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் அது வேலை செய்யும். பக்கவாட்டில் தோட்டாப் பட்டி, முன்னால் விளக்கு என்று எடையைக் கூட்டிக்கொண்டே போய், 24 கிராம் குண்டுகள் மட்டுமே உள்ள இலகுவான தோட்டாவைப் போட்டால் உதை குறைந்து போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். இன்னொன்று, சத்தம் வரக்கூடாது என்று போல்ட்டைக் கையால் மெதுவாக விட்டு மூடுகிறவர்கள் பலர். அப்போது போல்ட் தலை முழுக்கத் திரும்பிப் பூட்டாமல் மயிரிழை வெளியே நிற்கும், ட்ரிக்கரை இழுத்தால் வெறும் 'கிளிக்'. கைப்பிடியை முழுக்கப் பின்னால் இழுத்துச் சட்டென்று விட்டுவிட வேண்டும், ஸ்பிரிங்கின் வேகத்திலேயே அது அறைந்து மூட வேண்டும். பூட்டு விழும் இடத்தில் எண்ணெய் கட்டியாக இருந்தாலும் இதே கதைதான்.

புதுக்கை:
பெரியவர்கள் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது வாயு வகை, 12 போர், ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. 32 கிராம் தோட்டா என்றால் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது. 24 கிராம் போட்டால் சுட்டு முடிந்த வெறும் தோட்டா பாதி வெளியே வந்து, அது வெளியேறும் ஜன்னலிலேயே மாட்டிக்கொள்கிறது, சில சமயம் வெளியே விழுந்தாலும் அடுத்த தோட்டா ஏறுவதில்லை. ஒவ்வொரு முறையும் நன்றாக எண்ணெய் போட்டுத்தான் வைக்கிறேன். எக்ஸ்ட்ராக்டரை (வெறும் தோட்டாவை சேம்பரிலிருந்து இழுக்கும் கொக்கி) மாற்றச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வேகக்கை:
எக்ஸ்ட்ராக்டர் வேண்டாம் தம்பி. வாயுத் துளை சின்னதாக இருக்கிறது, அதுதான் விஷயம். ட்ரில் பிட் வைத்துக் கொஞ்சம் பெரிதாக்கினால் 24 கிராமும் ஓடும், அதற்குக் கீழேயும் ஓடும்.

பட்டறைக்காரன்:
புதுக்கை, தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். துளையைப் பெரிதாக்கினால் திரும்பச் சின்னதாக்க முடியாது. அதன் பிறகு கனமான தோட்டா போடும் ஒவ்வொரு முறையும் போல்ட் தேவைக்கு மேல் வேகத்தோடு ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பெட்டி) பின்சுவரில் மோதும். இன்றைக்குத் தெரியாது, நாளடைவில் வெடிப்பு விடும். 32 கிராமில் ஒழுங்காக ஓடுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதாவது துப்பாக்கியின் அமைப்பு சரி, எங்கேயோ சக்தி ஒழுகுகிறது அல்லது உராய்வில் வீணாகிறது. துளையில் கரி அடைத்திருந்தால் சரியான அளவு கம்பியைக் கையால் சுழற்றி எடுக்கலாம். கரியை எடுப்பது வேறு, உலோகத்தை எடுப்பது வேறு.

வேகக்கை:
போட்டிக்காரர்கள் பலர் துளை திறந்துதான் சுடுகிறார்கள். ஒரே வகைத் தோட்டா மட்டும் போடுகிறவருக்கு அதில் என்ன ஆபத்து?

நெற்றிக்குறி:
இந்த இடத்தில் நான் பட்டறைக்காரன் பக்கம். போட்டிக்காரர் தன் துப்பாக்கியை உரிமம் பெற்ற கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, அளந்து, ஒரே தோட்டாவுக்கு என்று திறந்துகொள்கிறார். தம்பி 32 கிராமும் போடுகிறார். அவருக்கு அந்த யோசனை பொருந்தாது. தவிர, நோய் என்னவென்று தெரியாமல் அறுவைக்குப் போகக்கூடாது.

எக்ஸ்ட்ராக்டரைப் பற்றி: வாங்குவதற்கு முன்னால் மாட்டிய வெறும் தோட்டாவைக் கையில் எடுத்து அதன் அடிவிளிம்பைப் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிடித்த இடத்தில் விளிம்பு பிய்ந்தோ ஆழமாகப் பல் பதிந்தோ இருந்தால் தோட்டா சேம்பரில் ஒட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். சேம்பரில் பிளாஸ்டிக் உருகிப் படிந்திருக்கும், பித்தளைக்குப் பதில் இரும்பு அடி வைத்த தோட்டாக்களில் இது அதிகம். சேம்பர் பிரஷ்ஷை கரைப்பானில் நனைத்துச் சுழற்றினால் போகும். விளிம்பில் காயமே இல்லை, ஆனால் தோட்டா ஜன்னலில் மாட்டுகிறது என்றால் எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையைச் செய்துவிட்டது, போல்ட்தான் போதிய தூரம் பின்னால் போகவில்லை. அங்கே எக்ஸ்ட்ராக்டரை மாற்றினால் காசுதான் போகும்.

பட்டறைக்காரன்:
அருமையாகச் சொன்னீர்கள். இன்னொரு சோதனையும் உண்டு. களத்தில், பாதுகாப்பான திசையில், ஒரே ஒரு 24 கிராம் தோட்டா மட்டும் போட்டுச் சுடுங்கள். கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் பின்னால் போய்ப் பூட்டி நிற்கிற மாதிரிதான் பெரும்பாலான துப்பாக்கிகள் இருக்கும். பூட்டி நின்றால் போல்ட் முழுத்தூரம் போகிறது, அப்போது சந்தேகம் தோட்டாவை ஏற்றும் பக்கம்: மேகசின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், குழாய்க்குள் அழுக்கு இருக்கலாம், தோட்டாவைத் தடுத்து விடும் தாழ் தேய்ந்திருக்கலாம். வெறும் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டுப் பூட்டாமல் மூடிக்கொண்டால் சக்தி போதவில்லை.

பிரிப்பதற்கு முன்னால் ஒன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் தகும். சேம்பர் காலியாக இருந்தால் துப்பாக்கி காலி என்று அர்த்தமில்லை. செமி ஆட்டோவில் மேகசின் குழாய்க்குள் தோட்டா ஒளிந்திருக்கும், போல்ட்டை ஆட்டும்போது தாழ் விட்டு மேலே வரும். கண்ணால் பார்த்து, சேம்பருக்குள்ளும் மேகசின் வாயிலும் விரலை விட்டும் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள்.

பிரித்ததும் முதலில் ஓ-ரிங்கைப் பாருங்கள், உங்கள் மாடலில் இருந்தால். இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். கழற்றி, இரண்டு விரலில் மாட்டி லேசாக இழுத்துச் சுற்றிக்கொண்டே வாருங்கள், வெடிப்பு இருந்தால் அப்போதுதான் வாயைத் திறக்கும். அங்கே வாயு ஒழுகினால் கனமான தோட்டா எப்படியோ தள்ளிவிடும், 24 கிராமுக்கு அந்த மிச்சம் இருக்காது.

இனர்ஷியா பிரியன்:
பத்து நிமிட வேலைக்கு இவ்வளவு சோதனையா? எங்கள் வகையில் கிழிவதற்கு ரப்பரே இல்லை.

பட்டறைக்காரன்:
உங்கள் எம்2வில் போல்ட்டைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் பின்கட்டைக்குள் ஒரு குழாயில் இருக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்தீர்கள்? வாயு, இனர்ஷியா பேதமில்லாமல் பல துப்பாக்கிகளில் அந்த ஸ்பிரிங் அங்கேதான். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். ரிசீவரில் ஊற்றிய எண்ணெயும், துப்பாக்கியைக் குழல் மேல்நோக்கி நிறுத்தி வைத்தால் மெதுவாக அங்கேயே இறங்கித் தேங்கி பிசினாகும். வெளியே பளபளக்கும் துப்பாக்கியின் பின்கட்டையைக் கழற்றிக் குழாயைத் திறந்தால் செம்பழுப்புப் பொடி கொட்டுகிறது, ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. பட்டறைக்கு 'ஏனோ மந்தமாக ஓடுகிறது' என்று வருகிறவற்றில் இதை அடிக்கடி பார்க்கிறேன். திறக்கும்போது ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக விட வேண்டும்.

நெற்றிக்குறி:
பாருங்கள், இங்கேயும் குற்றவாளி எண்ணெய்தான்! நான் ஆரம்பத்தில் சொன்னதும் அதைத்தானே. எங்கும் கிடைக்கிற டபிள்யூடி-40ஐ ரிசீவருக்குள் பீய்ச்சிவிட்டு அதைப் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கியது அது. நனைந்த துப்பாக்கியில் தண்ணீரை வெளியேற்ற உதவும், ஆனால் உடனே துடைத்துவிட்டுத் துப்பாக்கி எண்ணெய் போட வேண்டும். குளிரில் கட்டியான எண்ணெய் இன்னும் மோசம்.

புதுக்கை:
பார்த்துவிட்டேன். வெறும் தோட்டாவின் விளிம்பில் ஒரு காயமும் இல்லை. ஒற்றைத் தோட்டா சோதனையில் போல்ட் பூட்டவில்லை. ஓ-ரிங்கை இழுத்துப் பார்த்ததில் ஒரு இடத்தில் குறுக்கே வெடிப்பு, இழுக்காதபோது கண்ணுக்கே தெரியவில்லை. மேகசின் குழாயில் நான் போட்ட எண்ணெயும் கரியும் சேர்ந்து கறுப்புப் பசையாக இருந்தது. துளைகள் திறந்துதான் இருக்கின்றன. குழாயைத் துடைத்து, புது ரிங் போட்டேன். 24 கிராமில் இப்போது போல்ட் பூட்டி நிற்கிறது.

நெற்றிக்குறி:
வாழ்த்துகள். வெடித்த ரப்பர், வழிந்த எண்ணெய். இரண்டுமே 'அழுக்கு' கணக்கில் வராது என்பதைப் பதிவு செய்கிறேன்.

பட்டறைக்காரன்:
கழற்றாமல் இருந்தால் வெடிப்பு தெரிந்திருக்குமா? ஒவ்வொரு தடவையும் கழற்றித் துடைக்கிறவன் கண்ணில் அது முதல் நாளே பட்டிருக்கும். சுத்தம் செய்வதில் பாதிப் பலன் பார்ப்பதில்தான் இருக்கிறது.

நெற்றிக்குறி:
சரி, வாயு வகையில் முன்பகுதியை ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ட்ரிக்கர் தொகுதியையும் சேர்த்துப் பிரிக்கச் சொன்னால் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்னைத் தட்டி வெளியே எடுத்து, 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ட்ரிக்கரை இழுத்து, ஹேமர் (உள்ளே அடிக்கும் சுத்தி) தடுப்பின்றிப் போய் அடித்து, தொகுதியின் கூடான ஹவுசிங் உடைந்தவர்களும் விரல் நசுங்கியவர்களும் உண்டு.

பட்டறைக்காரன்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. தொகுதியை அப்படியே எடுத்துக் கரைப்பானால் கழுவி, காற்றடித்து, ஹேமரைக் கையால் பிடித்தபடி வைத்துவிடலாம், அதுவும் எப்போதாவது. பின்கட்டை ஸ்பிரிங் மட்டும் உங்கள் சீசன் கணக்குக்குள் அடங்காது. மழையில் நனைந்தால் அன்றைக்கு இரவே திறக்க வேண்டும்.

நெற்றிக்குறி:
அன்றைக்கு இரவே என்பது மிகை. குழல் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தி வைத்து வடியவிட்டு, அந்த வாரத்துக்குள் திறந்தால் போதும்.

பட்டறைக்காரன்:
துரு வாரம் வரை காத்திருக்காது ஐயா. கீழ்நோக்கி வடியவிடுங்கள், நல்ல வழக்கம்தான், ஆனால் குழாய்க்குள் அடைபட்ட தண்ணீர் அதில் முழுக்க வெளியே வராது. புதுக்கை, உங்களுடையது கைமாறி வந்தது என்றீர்கள், முந்தையவர் அதைத் திறந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால், உங்கள் மாடலில் ஸ்பிரிங் பின்கட்டைக்குள் இருந்தால், இந்த வாரமே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். புது ஸ்பிரிங்கோடு பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள், கண்ணுக்குத் தெரிகிற அளவு குட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.