விலங்கு அதுவாகப் பக்கத்தில் வரும் அந்த நொடி: அனுபவப் பகிர்வு (பலர் எழுதியது; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மதில்மேல் பூனை

மெல்லக் கண் சிமிட்டிப் பூனையை நட்பாக்கும் வித்தை இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பலர் அதை அவசரமாகச் செய்துவிட்டு, "எங்கள் தெருப் பூனை மதிக்கவே இல்லை" என்கிறார்கள். பழகாத பூனை பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்களும் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் மேலே பாய வருகிறீர்கள் என்றுதான் அதற்குப் படும். இமையைப் பாதி இறக்கி ஓரிரு நொடி அப்படியே வையுங்கள், பிறகு முழுக்க மூடி மெல்லத் திறங்கள். படபடவென்று சிமிட்டினால் வேலைக்காகாது. திறந்ததும் பார்வையைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள், வெறித்துப் பார்ப்பது வம்புக்கு இழுப்பது. 2020-ல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முகத்தில் சலனமே இல்லாமல் கை நீட்டிய அந்நியரைவிட, இப்படிச் சிமிட்டிவிட்டு நீட்டியவரிடமே பூனைகள் அதிகம் நெருங்கின.

பதிலுக்கு அதன் இமை பாதி இறங்கி, அங்கேயே நின்று, பிறகு மூடும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத இடம் அது. கொஞ்ச நேரத்தில் வால் செங்குத்தாக எழும், நுனி மட்டும் வளைந்திருக்கும். அப்போது ஒரு விரலை அதன் மூக்கு உயரத்துக்கு நீட்டி அசையாமல் வைத்திருங்கள். மிக அருகில் இருப்பது பூனைக்குக் கலங்கலாகத்தான் தெரியும், மூக்காலும் மீசையாலும்தான் விரலைப் படிக்கும். கன்னத்தை உரசிவிட்டால் தன் வாசனையை உங்கள் மேல் பூசிவிட்டது என்று பொருள். உடனே கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், காரியம் அங்கேதான் கெடும்.

கருஞ்சிறகு

பூனை பரவாயில்லை. காக்காவிடம் நல்ல பெயர் எடுப்பதுதான் பெரும்பாடு. அது முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். 2006-ல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் குகைமனித முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் கத்திக் கூட்டம் சேர்த்தன. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. ஆண்டுகள் கடந்தும் அந்தப் பகை ஓயவில்லை.

அதே நினைவாற்றல் நல்லதுக்கும் உதவும். தினமும் அதே நேரம், அதே இடம். ஓட்டோடு இருக்கும் உப்பில்லாத வேர்க்கடலை நாலைந்து போதும். வைத்துவிட்டு முதுகைக் காட்டி நடந்துவிடுங்கள். திரும்பிப் பார்த்தால் அன்றைய வரவு ரத்து. கேமராவைத் தூக்கினாலும் அப்படித்தான். கொஞ்ச நாளில் தூரம் தானாகக் குறையும். பார்க்க வேண்டியது அது கடலை பொறுக்கும் விதம்: ஒன்றைத் தூக்கும், கீழே வைக்கும், அடுத்ததைத் தூக்கிப் பார்க்கும், யோசித்துவிட்டு முதலில் வைத்ததையே எடுத்துக்கொண்டு போகும். நிறைய கொட்டி வைத்தால் காக்கா வருவதற்கு முன்னால் எலி வந்துவிடும். கூட்டில் குஞ்சு இருக்கிற காலத்தில் பழகின ஆளையும் தலையில் கொத்தும். அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு குடையோடு நடப்பதே உத்தமம்.

மூன்று நொடி

முதலில் எழுதியவருக்கு ஒரு வார்த்தை. விரல் நீட்டும் கதை பூனையோடு நிற்கட்டும். இதைப் படித்துவிட்டு யாராவது தெரியாத நாயின் மூக்குக்கு நேராகக் கையை நீட்டினால் நன்றாக இருக்காது. முகர வேண்டுமானால் நாய்க்கு உங்கள் கை அருகில் வரத் தேவையில்லை, நிற்கிற இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்துகொள்ளும். கூட ஆள் இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். பிறகு பக்கவாட்டில் திரும்பி நின்று, கையைத் தொடையோடு தொங்கவிட்டு, அது வரட்டும் என்று இருங்கள்.

வந்தால் நெஞ்சிலோ கழுத்தின் பக்கவாட்டிலோ மூன்று நொடி தடவுங்கள். மூன்றே நொடி. பிறகு கையை எடுத்துவிடுங்கள். பிடித்திருந்தால் மூக்கை உங்கள் மணிக்கட்டுக்கு அடியில் நுழைத்துக் கையை மேலே தள்ளும். கேட்டு வாங்குகிற அந்தத் தள்ளலுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் கையை எடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் உதட்டை நக்கும், கொட்டாவி விடும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளையைக் காட்டும். திறந்திருந்த வாய் சட்டென்று மூடி உடம்பு இறுகினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

"வாலை ஆட்டிக்கொண்டுதானே இருந்தது, ஏன் கடித்தது?" என்று கேட்பவர்களுக்கு: வாலாட்டம் என்றால் நாய் கிளர்ச்சியில் இருக்கிறது என்று அர்த்தம், அது மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2007-ல் இத்தாலியில் 30 நாய்களை வைத்துப் பார்த்தபோது, வளர்ப்பவரைக் கண்டதும் வால் தன் வலப்பக்கம் அதிகம் சாய்ந்தது, முரட்டுத்தனமான அந்நிய நாயைக் கண்டதும் இடப்பக்கம். வெறும் கண்ணால் இதைப் பிடிப்பது கடினம். அதனால் வாலை விட்டுவிட்டு வாயையும் தோளையும் பாருங்கள்.

மரப்பொந்து

மரத்தடியில் விழுந்த அணிற்பிள்ளை, கண் திறக்காதது. ஆழம் குறைந்த அட்டைப்பெட்டியில் வைத்து, மூடாமல், அதே மரத்தின் அடியில் எறும்பு வராத இடமாகப் பார்த்து வைத்தாயிற்று. ஆட்கள் எல்லாம் விலகின பிறகுதான் தாய் வந்தது. தலைகீழாக இறங்கி, பாதியில் நின்று, மேலே ஓடி, மறுபடி இறங்கியது. பெட்டிக்குள் குதித்து, குட்டியை மல்லாக்கப் புரட்டி, வயிற்றுத் தோலைப் பல்லால் கவ்வ, குட்டி தாயின் கழுத்தைச் சுற்றித் தானாகச் சுருண்டுகொண்டது. அவ்வளவுதான், மேலே போய்விட்டது. பசிக்குமே என்று அதற்கு முன்னால் இரண்டு சொட்டுப் பால் கொடுத்திருந்தார்கள்.

கதகதப்பு

படிக்க நன்றாக இருந்தது. அந்த இரண்டு சொட்டுப் பாலைத்தான் விட முடியவில்லை. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

முதல் வேலை சூடு. குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, என்ன கொடுத்தாலும் உள்ளே தங்கிக் கெடுக்கும். பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பித் துணி சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். மறுபாதி சும்மா இருக்க வேண்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமல்லவா. டவல் வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் சிக்கும். பழைய பனியன் துணி நல்லது. குட்டி தொடச் சூடாகி, காயமும் இல்லை என்றால் தாய்க்காகப் பகல் வெளிச்சத்தில் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கலாம். ரத்தமோ ஈ முட்டையோ தெரிந்தால், அல்லது பூனை வாயில் வைத்திருந்தால், காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பூனையின் பல் ஊசி மாதிரி, வெளியே ஒன்றுமே தெரியாது. உள்ளே கிருமி இறங்கியிருக்கும், ஓரிரு நாளில் முடித்துவிடும்.

மாட்டுப்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். அதைவிட மோசம், மல்லாக்கப் போட்டு ஊட்டுவது. நேராக நுரையீரலுக்குப் போகும், மூக்கில் குமிழி வந்தால் அதுதான். எதை ஊட்டுவது, எவ்வளவு என்பதெல்லாம் காட்டு உயிர் மீட்பாளர் சொல்லட்டும், பல நாடுகளில் அனுமதி இல்லாமல் காட்டு உயிரை வைத்திருப்பதே குற்றம்.

பறவைக் குஞ்சு என்றால் கணக்கு வேறு. இறகு முளைக்காதது கூட்டுக்குத் திரும்ப வேண்டும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு, தாராளமாகத் தொட்டு வைக்கலாம். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிறது, வால் குட்டையாக இருக்கிறது என்றால் அது விழுந்த குஞ்சே இல்லை, பறக்கப் பழகுகிறது. பூனைக்கு எட்டாத புதரில் ஏற்றிவிட்டு நடையைக் கட்டுங்கள். எந்தக் குஞ்சின் அலகிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுத்துளை நாக்கின் அடிப்பகுதியிலேயே இருக்கிறது.

சாளரம்

தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை வழிமொழிகிறேன். கண்ணாடியில் மோதி விழுந்த பறவைக்கும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள். துளையிட்ட பெட்டி, அடியில் மடித்த துணி, முழு இருட்டு, சத்தமில்லாத இடம். உணவும் வேண்டாம், நீரும் வேண்டாம். நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் அது பயந்து துடிக்கும். அரைமணி முதல் ஒரு மணி நேரம். பிறகு பெட்டியை வெளியே கொண்டுபோய்த் திறக்க வேண்டும். வீட்டுக்குள் திறந்தால் நேராக மறுபடி ஜன்னலுக்கே பறக்கும்.

மூடியைத் திறந்ததும் உடனே போகாது. கழுத்தை நீட்டி ஒரு பக்கம் பார்க்கும், மறுபக்கம் பார்க்கும், எச்சம் போடும். அதன் பிறகுதான் பறக்கும். பறக்காமல் சிறகு தொங்கினால் மருத்துவரிடம். ஜன்னலின் வெளிப்பக்கம் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளி ஒட்டினால் மோதலே பெரும்பாலும் நின்றுவிடும். ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டுவது வீண், அதைச் சுற்றிப் பறந்து பக்கத்தில் மோதும்.

தேனடை

எல்லாரும் விலங்கைக் கூப்பிடும் வழி சொல்கிறீர்கள். மனிதனைக் கூப்பிடுகிற பறவையும் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் தேன்காட்டிப் பறவை கத்திக்கொண்டே மரத்துக்கு மரம் தாவித் தேன்கூட்டுக்கு அழைத்துப்போகும். ஆள் கூட்டை உடைத்துத் தேனை எடுத்தால், மெழுகும் புழுவும் அதற்கு. மொசாம்பிக்கின் நியாஸா பகுதியில் யாவோ மக்கள் உருட்டலும் உறுமலுமாக ஒரு குரல் கொடுத்து அதைக் கூப்பிடுவார்கள். கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழுவின் 2016 ஆய்வில், அந்தக் குரல் கொடுத்தபோது பறவை வழிகாட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 33 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாக உயர்ந்தது. பழக்கிய பறவை இல்லை, முழுக்கக் காட்டுப் பறவை!

மதில்மேல் பூனை

மூன்று நொடிக்காரருக்கு: நாயைப் பற்றிச் சொன்னது சரி, நான் பூனையைத்தான் எழுதினேன். உங்கள் மூன்று நொடிக் கணக்கு பூனைக்கும் பொருந்தும், இடம்தான் வேறு. கன்னம், தாடை, காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் முடி குறைந்த பகுதி. வால் தொடங்குமிடம் வேண்டாம். மல்லாந்து வயிற்றைக் காட்டினால் உங்களை நம்புகிறது என்று மட்டும் அர்த்தம், தொடச் சொல்லவில்லை. கை வைத்தால் நான்கு காலும் சேர்ந்து பிடிக்கும். கடியோ கீறலோ பட்டால், எந்த விலங்காக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போய் ரேபிஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.