பழைய மினிவேன் வாங்கும் முன் பின்வரிசையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்

அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடிவந்த நம் குடும்பங்கள் முதலில் ஒரு சிறிய காரில் காலத்தை ஓட்டிவிட்டு, இரண்டாவது குழந்தை பிறந்ததும், அல்லது ஊரிலிருந்து பெற்றோர் சில மாதங்கள் தங்க வருவது உறுதியானதும், ஒரு பழைய மினிவேனைத் தேடத் தொடங்குவது வழக்கம். டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிஸி, கிரைஸ்லர் பசிஃபிகா, கியா கார்னிவல் என்று வண்டிகளை ஒப்பிடும்போது மைல் கணக்கையும் டயரையும் பிரேக்கையும் விசாரிக்கிறோம். ஏசியைப் பற்றி மட்டும் முன்னிருக்கையில் இரண்டு நிமிடம் கை நீட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறோம். அந்தத் தவற்றை நானும் செய்தேன். அதனால் வயதான என் பெற்றோர் ஒரு கோடை முழுவதும் துன்பப்பட்டார்கள். புதிதாக வருபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் டாலஸ் பக்கம் வந்த புதிதில், பனி அதிகம் பெய்யும் வட மாநிலம் ஒன்றில் பல ஆண்டுகள் ஓடிய ஒரு மினிவேனை ஜனவரி மாதத்தில் வாங்கினோம். மே மாத இறுதியில் பெற்றோர் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்திலிருந்து வீடு திரும்பும்போதே, பின்னால் காற்று வருகிறதே தவிர அதில் குளிர்ச்சி இல்லை என்று அம்மா சொன்னார். அடுத்த வாரம் ஒரு பட்டறையில் கேஸ் நிரப்பினார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தது. பிறகு முன்பக்கமும் சேர்ந்து சூடாக வீசத் தொடங்கியது. மறுபடியும் அதே பட்டறையில் நிரப்பினோம். மறுபடியும் அதே கதை. வெளியே 100 பாரன்ஹீட்டைத் தாண்டும் டெக்சஸ் வெயிலில், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் அப்பாவைக் கோயிலுக்குக்கூட அழைத்துச் செல்லத் தயங்கினேன். மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக் ஒருவர்தான் வண்டியை லிஃப்டில் தூக்கி, அடிப்பக்கத்தில் பின்புறம் செல்லும் அலுமினியக் குழாயில் வெள்ளைத் தூள் பூத்து எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருந்த ஓர் இடத்தைக் கைவிளக்கால் காட்டினார். இரண்டு முறை நாங்கள் பணம் கொடுத்து நிரப்பிய கேஸ் அந்த ஊசித்துளை வழியாகத்தான் வெளியேறியிருந்தது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைக் கைவிட வேண்டும். ஏசி குளிரவில்லை என்றால் கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பினால் போதும் என்று ஊரில் கேட்டே நாம் பழகியிருக்கிறோம். காரின் ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அன்று. அது மூடிய சுற்றுக்குள் கம்ப்ரஸரால் அழுத்தப்பட்டு, முன்னால் உள்ள கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகி, எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாக எவாப்பரேட்டருக்குள் நுழைந்து ஆவியாகும்போது வண்டிக்குள் உள்ள வெப்பத்தை இழுத்துக்கொண்டு, மீண்டும் கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. பல ஆண்டுகளில் ரப்பர் குழாய்கள், சீல்கள் வழியாகச் சிறிதளவு கசிவது இயல்பு. ஆனால் ஒரே கோடையில் இரண்டாம் முறை நிரப்ப வேண்டியிருந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது, அடிப்பகுதி ஓட்டையான குடத்தில் தண்ணீர் ஊற்றுவதேயாகும்.

சிறிய காரைவிட மினிவேனில் இந்தத் தொல்லை அதிகம் என்பதற்கு அதன் அமைப்பே காரணம். பின்புற ஏசி பொருத்தப்பட்ட மினிவேனில் எவாப்பரேட்டர் இரண்டு: ஒன்று டேஷ்போர்டுக்குள், மற்றொன்று பெரும்பாலும் பின்பக்கச் சுவருக்குள். கம்ப்ரஸரும் கண்டென்சரும் ஒன்றுதான். எனவே எஞ்சின் அறையிலிருந்து வண்டியின் அடிப்பக்கம் வழியாகப் பின்சக்கரம் வரை இரண்டு உலோகக் குழாய்கள் ஓடுகின்றன. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும், சக்கரம் வாரியடிக்கும் சேறும் கல்லும் அவற்றின் மேல் நேரடியாகப் படுகின்றன. குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் ஈரமும் அழுக்கும் தங்கி அரிப்பை வளர்க்கின்றன. ஒஹாயோ, மிச்சிகன், நியூயார்க் போன்ற மாநிலங்களில் ஓடிய வண்டி தெற்கே விற்பனைக்கு வரும்போது மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும். அடிப்பக்கம் வேறு கதை சொல்லும். பின்குழாயில் ஓட்டை விழுந்தால் பின்பக்கம் மட்டும் கெடுவதில்லை. இரண்டுக்கும் ஒரே கேஸ் என்பதால் சில நாட்களில் முன்பக்கமும் வெறும் காற்றையே வீசும். அதே வழியில் பின்புற ஹீட்டருக்கான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய்களும் ஓடும் வண்டிகள் உண்டு. அவை அரித்துக் கூலன்ட் ஒழுகினால் எஞ்சினே சூடேறிக் கெடக்கூடும் என்பதால், லிஃப்டில் தூக்கிய கையோடு அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழுது உறுதியானால் உங்கள் முன் மூன்று வழிகள் வைக்கப்படும். நிறுவனத்தின் அசல் குழாய்களையே மாற்றுவது நீண்ட நாள் உழைக்கும், ஆனால் செலவு மிகுதி. அரித்த பகுதியை வெட்டிவிட்டு, அதற்கென விற்கப்படும் வளையும் குழாய்களைப் பொருத்துவது நடுத்தர வழி. அனுபவமுள்ளவர் செய்தால் இதுவும் நன்றாகவே உழைக்கிறது. மூன்றாவது, பின்புறக் கிளையை முற்றிலும் அடைத்து முன்பக்க ஏசியை மட்டும் காப்பாற்றுவது. இது மலிவு என்பதால் பலர் பரிந்துரைப்பார்கள். ஆனால் மூன்று வரிசையிலும் ஆட்கள் உட்காரும் குடும்பத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் குழந்தை இருக்கையும் பெரியவர்களும் இருப்பது பின்னால்தான். கட்டாயத்தால் அப்படிச் செய்தாலும், வண்டியின் எஞ்சின் மூடிக்கு (ஹூட்) அடியில் ஒட்டப்பட்டுள்ள சீட்டில் உள்ள கேஸ் எடை இரண்டு எவாப்பரேட்டருக்கும் சேர்த்துக் குறிக்கப்பட்டது என்பதை மெக்கானிக்கிடம் நினைவூட்டுங்கள். பின்கிளை இல்லாத அமைப்பில் அதே எடையை நிரப்பினால் அழுத்தம் மிகுந்து குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு.

எல்லாக் குறைக்கும் கசிவு காரணம் அன்று என்பதால், பட்டறைக்குச் செல்லும் முன் அறிகுறிகளைக் கவனித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றவுடன் சூடானால் கண்டென்சருக்கு முன்னுள்ள அல்லது பின்னுள்ள மின்விசிறியையும், கண்டென்சர் இடுக்குகளில் அடைந்த பூச்சி, இலை, தூசியையும் முதலில் சோதிக்க வேண்டும். ஓட்டுநர் பக்கம் ஜில்லென்றும் மறுபக்கம் வெதுவெதுப்பாகவும் வந்து, டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்ற ஓசையும் கேட்டால், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவைத் திருப்பும் சிறு மோட்டார் பழுதாகியிருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் ஓசை இல்லாமல் இந்த வேறுபாடு மட்டும் இருந்தால் கேஸ் குறைவும் காரணமாகலாம். காற்று மிக வேகமான நிலையில் மட்டும் வருகிறது, மற்ற நிலைகளில் வரவில்லை என்றால், பல வண்டிகளில் ப்ளோயர் ரெசிஸ்டர் என்ற சிறு பாகத்தை மாற்றினாலே போதும். முன்பயணி காலடி விரிப்பு ஈரமாக இருந்தால் எவாப்பரேட்டர் தண்ணீர் வடியும் குழாய் அடைபட்டிருக்கக்கூடும். காற்றே பலவீனமாக வந்தால், வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான மினிவேன்களில் அது முன்பயணிக்கு எதிரே உள்ள கையுறைப் பெட்டிக்குப் (குளோவ் பாக்ஸ்) பின்னால் இருக்கிறது, கருவி ஏதுமின்றி நீங்களே பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பின்பக்கத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் குழந்தைகள் அதை வெப்பப் பக்கம் திருகி வைத்திருக்கவும் கூடும் என்பதால், முன்னிருந்தே பின்புறக் கட்டுப்பாட்டைப் பூட்டும் பொத்தானைப் பயன்படுத்தப் பழகுங்கள்.

கம்ப்ரஸர் உள்ளுக்குள்ளேயே உடைந்துவிட்டால் அதுவே எல்லாவற்றிலும் பெரிய செலவு. உலோகத் துகள்கள் குழாய் முழுவதும் பரவியிருக்கும் என்பதால் கம்ப்ரஸரை மட்டும் மாற்றி அனுப்பும் பட்டறையை நம்ப வேண்டாம். கண்டென்சரையும் ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, நீண்ட பின்குழாய்களைக் கழுவினால்தான் புதிய கம்ப்ரஸர் பிழைக்கும்.

கடைகளில் கைக்கடக்கமான டப்பாவில் கேஸ் கிடைப்பதைப் பார்த்து, நாமே நிரப்பிவிடலாமே என்று தோன்றும். அதற்கு முன் மூடியடிச் சீட்டைப் படியுங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஆர்-134ஏ என்ற கேஸ் இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி 2021 மாடல் முதல் புதிய கார்களில் அதைப் பயன்படுத்த முடியாது என்பதால், அவற்றில் பொதுவாக ஆர்-1234ஒய்எஃப் இருக்கிறது. பின்னது விலை மிகுந்தது. இரண்டையும் கலக்கவே கூடாது. டப்பாவால் நிரப்புவதில் உள்ளே எவ்வளவு மிச்சமிருந்தது என்பது தெரியாது, எனவே அளவு மீறும் ஆபத்து உண்டு. முறையான வழி, உள்ளிருப்பதை இயந்திரத்தால் உறிஞ்சி எடைபோட்டு, வெற்றிட பம்பினால் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, சீட்டில் உள்ள எடையைச் சரியாக நிரப்புவதே. கசிவை அடைக்கும் என்று சொல்லி விற்கப்படும் பசை கலந்த டப்பாக்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். அந்தப் பசை பட்டறையின் இயந்திரத்தையே கெடுத்துவிடும் என்பதால், பிறகு பல பட்டறைகள் உங்கள் வண்டியைத் தொடவே மறுக்கும். கூலிக்கு ஏசி வேலை செய்பவர் தூய காற்றுச் சட்டத்தின் 609ஆம் பிரிவின்படி சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதைப் பணிவாகக் கேட்பதில் தவறேதும் இல்லை.

இன்னும் உத்தரவாதத்தில் உள்ள வண்டி என்றால் ஏசி எதில் அடங்கும் என்று பாருங்கள். எஞ்சின், கியர் போன்றவற்றுக்கான பவர்டிரெய்ன் உத்தரவாதத்தில் அது பொதுவாகச் சேராது. டொயோட்டா, ஹோண்டா போன்றவற்றில் 3 ஆண்டு அல்லது 36,000 மைல் என்ற அடிப்படை உத்தரவாதத்திலேயே சேரும். அது முடிந்திருந்தாலும், வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைச் சொல்லி, குறிப்பிட்ட பாகத்துக்கு உத்தரவாத நீட்டிப்பு ஏதேனும் உள்ளதா என்று டீலரிடம் ஒருமுறை கேளுங்கள். எந்த வேலையானாலும் எழுத்து மூலமான மதிப்பீட்டை முதலில் வாங்குங்கள். கலிஃபோர்னியாவில் அதைத் தருவது சட்டப்படியே பட்டறையின் கடமை. கசிவு எந்த இடத்தில் என்பதைப் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தின் மூலமோ கசிவு உணரும் கருவியின் மூலமோ உங்கள் கண்ணாலேயே காட்டச் சொல்லுங்கள்.

கருத்துப் பகுதியில் இருவர் கேட்ட கேள்விகளுக்கான பதிலையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.

"அண்ணா, நாங்கள் 2022 சியன்னா பார்த்து வைத்திருக்கிறோம். அதற்கும் இதே கவனம் போதுமா?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். 2021 மாடலிலிருந்து சியன்னா ஹைப்ரிடாக (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டியாக) மட்டுமே வருகிறது, அம்மா. அதன் கம்ப்ரஸர் பெல்ட்டால் ஓடாமல் உயர் மின்னழுத்த மோட்டாரால் ஓடுகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போதும் ஏசி இயங்குவதற்கு அதுவே காரணம். அந்த மோட்டாருக்கு மின்சாரத்தைக் கடத்தாத தனி வகை எண்ணெய் வேண்டும். சாதாரண வண்டிகளுக்கான எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் கெட்டுப் பெரும் பழுதாகும். ஆகையால் எண்ணெய் கலந்த டப்பா கேஸ் அதற்கு முற்றிலும் ஆகாது. ஹைப்ரிட் ஏசி வேலை தெரிந்த பட்டறையை மட்டுமே நாடுங்கள்.

மிச்சிகனிலிருந்து எழுதிய தம்பி, டிசம்பரில் வண்டி வாங்கப் போவதாகவும் அப்போது ஏசியை எப்படிச் சோதிப்பது என்றும் கேட்டார். உறைகுளிரில் பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரஸர் இயங்குவதைக் கணினியே தடுத்துவிடும் என்பதால், பொத்தானை அழுத்திப் பார்த்து முடிவுக்கு வர முடியாது. விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய், லிஃப்டில் தூக்கிப் பின்குழாய்களை முழு நீளத்துக்கும் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸை உறிஞ்சி எடைபோட்டுச் சீட்டில் உள்ள எடையோடு ஒப்பிடவும் கூலி கொடுங்கள். குளிர்நாட்டில் ஏசி எதற்கு என்றும் நினைக்க வேண்டாம். முன்கண்ணாடியில் படியும் ஆவியை நீக்க டிஃப்ராஸ்ட் அழுத்தும்போது காற்றின் ஈரத்தை எடுப்பது அதே ஏசிதான். மழை பெய்யும் நவம்பர் மாலையில், வண்டி நிறைய ஆட்களோடு கண்ணாடி மங்கிப்போகும்போது அதன் அருமை உங்களுக்குத் தெரியும். வெப்பநிலை 50 பாரன்ஹீட்டுக்கு மேல் ஏறும் முதல் நாளிலேயே, ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் மூன்றாம் வரிசையில் இருபது நிமிடம் உட்கார்ந்து, மேலே உள்ள காற்றுத் துளையில் ஒரு சமையலறை வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். விற்றவர் ஏதேனும் குறுகிய கால உத்தரவாதம் தந்திருந்தால் அது முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.